வார் கட்டிய பின்னும் ஸ்கேன் எதற்கு?

(பட்டர்வொர்த்தில் தோட்டத் தாய்மார்களிடையே ஆற்றிய உரை)



பிறந்த குழந்தையின் தொடைகளை மருத்துவர் மடக்கியும் விரித்தும் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று அறியும் சோதனை அது. பெண் குழந்தைகளிடத்திலும், வயிற்றில் தலை மேலாக இருந்த குழந்தைகளிடத்திலும் இக்குறை மிகுதி. குறை கண்டால், செக் நாட்டு மருத்துவர் பாவ்லிக் வகுத்த வாரைக் கட்டுவர். அது கால்களைத் தவளைக் கால்போல் மடக்கி விரித்து வைத்திருக்கும். நம் பாட்டிமார் பிள்ளையை இடுப்பில் தூக்கிச் சுமந்ததும் ஏறத்தாழ இந்த நிலையில்தான்! கால்களை நீட்டி இறுகச் சுற்றும் 'பெடோங்' வழக்கமோ இதற்கு நேர்மாறானது.

வார் கட்டியாயிற்று, இனி ஏன் அலைய வேண்டும் என்று சிலர் நின்றுவிடுகின்றனர். பெர்ரி ஏறிப் பினாங்குப் பொது மருத்துவமனைக்குப் போய்வந்தால் ஒரு நாள் பால்மரம் வெட்டும் கூலி போய்விடும் என்பதை நாம் அறியாதவர் அல்லோம். ஆயினும் இடர் தோன்றுவது வார் கட்டிய பிறகே.

சிசுவின் தொடைத் தலை குருத்தெலும்பால் ஆனது, எக்ஸ்ரேயில் தெரியாது. கேளா ஒலியால் படம் காட்டும் ஸ்கேனில் அது தெரியும். ஆஸ்திரிய மருத்துவர் கிராஃப் 1980இல் இம்முறையை வெளியிட்டார். இதில் கதிர்வீச்சு இல்லை. வாரின் உள்ளே எலும்புத் தலை குழியில் அமர்ந்ததா என்பதை இது காட்டும். மூன்று, நான்கு வாரமாகியும் அமராவிட்டால் வாரைக் கழற்றிவிட்டு வேறு சிகிச்சை செய்ய வேண்டும். இல்லையேல் தலை உராய்ந்து உராய்ந்து குழியின் பின்விளிம்பு தேய்ந்துவிடும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. கால்கள் அளவுக்கு மீறி விரிந்தால் இரத்தக் குழாய்கள் நசுங்கி, எலும்புத் தலை இரத்தமின்றிச் சிதையும். பின்னாளில் ஒரு கால் குட்டையாகி நொண்ட நேரிடலாம். இரத்த ஓட்டத்தையே காட்டும் டாப்ளர் ஸ்கேன் இதனை முன்கூட்டி உணர்த்த வல்லது.

நரம்பு அழுந்துவதை மட்டும் தாயின் கண்ணே முதலில் காணும். குழந்தை முழங்காலை நீட்டி உதைப்பதை நிறுத்திவிட்டால், குறித்த நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாரை நீங்களாக இறுக்கவோ தளர்த்தவோ வேண்டாம். நீங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடமும் பாட்டியிடமும் இதைச் சொல்லி வையுங்கள். ஆறு மாதத்திற்குப் பின் எலும்பு முற்றத் தொடங்கும். அப்போது எக்ஸ்ரே எடுப்பர். பிள்ளை நடந்த பிறகும் சில ஆண்டுகள் வரச் சொல்வர். மருத்துவ அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.