எடுக்க வேண்டியதும், விட்டுவிட வேண்டியதும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

புகழனைத்தும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு முடிந்த இவ்வேளையில், நாம் பேச எடுத்துக்கொண்ட செய்தி சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். கடலிலோ, குளத்திலோ, ஆற்று மணலிலோ இன்னதென்று அறியாத ஒரு பொருள் நம் கைக்கு எட்டினால், அதனை என்ன செய்வது? இதுவே நம் கேள்வி. கைபேசியில் புதையல் தேடும் காணொளிகளைக் கண்டு, காந்தத்தைக் கயிற்றில் கட்டி நீரில் வீசிப் பார்க்கும் ஆசை இன்று பிள்ளைகளிடம் வளர்ந்து வருகிறது. நாம் வாழ்வதோ வங்கக் கடலோரத்தில். இங்கே கடலும் மண்ணும் அவ்வப்போது எதையேனும் வெளியே தந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே இதனைப் பேசாமல் விடுவதற்கில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, மாமல்லபுரத்தில் கடல் முதலில் உள்வாங்கியதையும், அதுவரை நீருக்கடியில் கிடந்த பாறைகள் வரிசையாகத் தென்பட்டதையும் கண்டவர்கள் கூறினர். அலை மணலை அரித்துச் சென்ற இடத்தில் சிங்க உருவம் செதுக்கப்பட்ட பாறையொன்று வெளிப்பட்டது. சாளுவன்குப்பத்தில் பாறையொன்றில் மறைந்திருந்த கல்வெட்டு கண்ணுக்குத் தெரிந்தது. அக்கல்வெட்டின் துணைகொண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் 2005இல் அகழ்ந்து பார்த்தபோது, மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய முருகன் கோயிலும், அதன் அடியில் அதனினும் பழைய செங்கற் கட்டடமும் கிடைத்தன. 2020 நவம்பரில் நிவர் புயல் கடந்தபின், ஆந்திர மாநிலம் உப்பாடா கடற்கரையில் பொன் துணுக்குகள் கிடைப்பதாகச் செய்தி பரவ, ஊரே திரண்டு மணலைச் சலித்தது. இத்தகைய செய்திகளைக் கேட்கும் இளைஞன், நமக்கும் ஏதேனும் கிடைக்காதா என்று எண்ணுவது இயல்பேயாகும்.

ஆனால், இதன் மறுபக்கமும் நமக்கு அண்மையிலேயே நிகழ்ந்துள்ளது. திருப்போரூரை அடுத்த மானாம்பதி கிராமத்தில், தூர்வாரிய கோயிற் குளத்திலிருந்து இளைஞர்களுக்கு ஒரு பொருள் கிடைத்தது. 2019 ஆகஸ்ட் 25 அன்று, அது என்னவென்று அறியும் ஆவலில் அவர்கள் அதனைத் திறக்க முயன்றபோது, அது வெடித்தது. இருவர் உயிரிழந்தனர், மேலும் சிலர் காயமுற்றனர். மறுநாள் நாளேடுகள் அதனை ‘மர்மப் பொருள்’ என்று எழுதின. சகோதரர்களே! அந்தப் பிள்ளைகள் திருடச் சென்றவர்கள் அல்லர். எவருக்கும் தீங்கு நினைத்தவர்களும் அல்லர். ‘உள்ளே என்ன இருக்கிறது?’ என்று கேட்டார்கள், அவ்வளவுதான். நம் வீட்டுப் பிள்ளையும் அதே கேள்வியைத்தான் கேட்பான்.

குளத்தில் வெடிபொருள் எவ்வாறு வரும் என்று கேட்கலாம். நம் மாவட்டத்தில் அனுமந்தபுரத்தில் படையினர் துப்பாக்கி சுடும் பயிற்சி பெறும் தளம் நெடுங்காலமாக உண்டு. உலகெங்கும் இத்தகைய தளங்களில், எறியப்படும் குண்டுகளுள் சில வெடிக்காமல் மண்ணில் புதைந்துவிடுவது உண்டு. அவற்றைப் பழைய இரும்பு என்று எண்ணி எடுத்து வருபவர்களும், எடுத்து வந்தபின் அஞ்சி நீரில் எறிந்துவிடுபவர்களும் உண்டு. நீரில் ஊறிய மருந்து நமத்துப்போயிருக்கும் என்று நினைப்பது பெரும் தவறாகும். மேலேயுள்ள இரும்புக் கூடு துருப்பிடிக்கும். உள்ளேயுள்ள மருந்து பல்லாண்டு காலம் வீரியத்தோடு இருக்கும். வெடிக்கச் செய்யும் முனையோ துருவேறியபின், சிறு தட்டலுக்கும் வெடிக்கக்கூடிய நிலையை அடைந்துவிடலாம். 2018 ஏப்ரலில் நம் திருவிடந்தையில் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே ஒவ்வொரு தளவாடத்தின் அருகிலும் விளக்கிச் சொல்ல ஆள் நின்றார். சேற்றில் கிடக்கும் பொருளுக்குப் பெயர்ப்பலகையும் இல்லை; காவலும் இல்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றையும் கேளுங்கள். 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் கிரீன் ஹெட் என்னும் சிற்றூரின் கடற்கரையில், ஆளுயரத்தை விடப் பெரிய உருளை ஒன்று ஒதுங்கியது. இன்னதென்று எவருக்கும் தெரியவில்லை. காவல்துறையினர் உடனே அதனைச் சுற்றிக் காவல் வைத்தனர்; மக்களை விலகியிருக்கச் சொன்னார்கள்; ஆபத்தான பொருளாகவே கருதிச் சோதித்தார்கள். இறுதியில் அது நம் நாட்டின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் ஒரு பாகம் என்று உறுதியாயிற்று. எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. ‘முதலில் விலகு, பிறகு அறி’ என்னும் ஒழுங்கு அங்கே இருந்தது. அந்த ஒழுங்கைத்தான் நாம் நம் மஹல்லாவில் உண்டாக்க வேண்டும்.

இனி, ஆபத்தில்லாத பொருளாகவே இருக்கட்டும். அது யாருக்கு உரியது? இங்கேதான் மார்க்கம் நமக்குத் தெளிவான வழியைக் காட்டுகிறது.

கண்டெடுக்கப்பட்ட பொருளை அரபியில் ‘லுகத்தா’ என்பர். அதனைப் பற்றி ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவிய செய்தியை ஸைத் இப்னு காலித் அல்ஜுஹனீ (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். பொருள் இருந்த பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் நன்கு அடையாளம் பார்த்துக்கொண்டு, ஓராண்டு அறிவிப்புச் செய்யுமாறு அண்ணலார் பணித்தார்கள். வழிதவறிய ஆட்டைக் குறித்துக் கேட்கப்பட்டது. நீர் எடுக்காவிடில் இன்னொருவரோ ஓநாயோ கொண்டுபோய்விடும் என்னும் கருத்துப்பட விடை கூறினார்கள். ஆனால் வழிதவறிய ஒட்டகத்தைக் குறித்துக் கேட்கப்பட்டபோதோ, அண்ணலாரின் திருமுகம் கோபத்தால் சிவந்துவிட்டது. அதற்குக் காலும் உண்டு, நீரும் உண்டு. உரியவர் வந்து காணும்வரை அதனை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்று உணர்த்தினார்கள்.

இதனை நன்கு சிந்தித்துப் பாருங்கள். கண்ணில் படும் எல்லாப் பொருளும் ஒன்றல்ல. எடுத்துப் பாதுகாக்காவிட்டால் அழிந்துபோகும் பொருளும் உண்டு. எடுப்பதே அநீதியாகிவிடும் பொருளும் உண்டு. மணலில் கிடக்கும் ஒரு பணப்பையோ நகையோ ஆட்டைப் போன்றது. அதனை எடுக்க வேண்டும். மறைப்பதற்காக அன்று, உரியவரிடம் சேர்ப்பதற்காக. கடலடியில் கிடக்கும் சிற்பக்கல்லோ ஒட்டகத்தைப் போன்றது. நூறு நூறு ஆண்டுகளாகத் தன் இடத்தில் தானே நின்றுகொண்டிருக்கிறது. நாம் தூக்கிவந்து காப்பாற்ற வேண்டிய தேவை அதற்கு இல்லை.

அறிந்தவர்கள் இப்படித்தான் நடந்துகொள்கின்றனர். 2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தாரும் இங்கிலாந்து நாட்டு ஆய்வுக் குழுவொன்றும் சேர்ந்து, மாமல்லபுரக் கடலில் மூழ்கி ஆராய்ந்தனர். கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், கட்டுமானக் கற்களும் சிதைந்த சுவர்களும் இருப்பதைக் கண்டனர். அளந்தார்கள், படம் எடுத்தார்கள், எழுதி வைத்தார்கள். ஒரு பழம்பொருளின் மதிப்பில் பாதி, அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த ஆழத்தில், எதன் அருகில், எத்திசை நோக்கிக் கிடந்தது என்பதெல்லாம் அதன் வரலாறு. அதனைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், கல் மிஞ்சும், வரலாறு போய்விடும். சாளுவன்குப்பத்துக் கல்வெட்டு தன் இடத்திலேயே இருந்ததனால்தான் அதன் அருகில் ஒரு கோயில் கிடைத்தது.

மண்ணில் புதைந்த பழங்காலப் புதையலை ‘ரிகாஸ்’ என்பர். அதில் ஐந்திலொரு பங்கைச் செலுத்த வேண்டும் என்பது நபிமொழி. ஆனால், பிறருடைய நிலத்தில் கிடைத்ததையும், பிற்காலத்தவரின் அடையாளம் உள்ளதையும் எடுத்தவர் தமக்கு உரிமையாக்கிக்கொள்ள முடியாது என்று சட்டமேதைகளான இமாம்கள் விளக்கியுள்ளனர். நம் நாட்டிலும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் உள்ளது. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதனைக் கண்டெடுத்தாலும், பொருள் இன்னது, கிடைத்த இடம் இன்னது, நாள் இன்னது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. அரசு அதனை எடுத்துக்கொள்ளும்போது, உரியவர்களுக்கு அப்பொருளின் மூல மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கைச் சேர்த்துத் தரவும் அச்சட்டம் வழி செய்கிறது. ஆகவே நேர்மையாகச் சொல்பவர் எல்லாவற்றையும் இழந்துவிடுவார் என்று எண்ண வேண்டாம்.

கடல் ஒதுக்கிய அம்பரைப் பற்றியும் சிலர் கேட்பர். அம்பர் புதையல் அன்று, கடல் வெளியே தள்ளிய பொருளே என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. ஆனால் அம்பரைத் தரும் திமிங்கலம் இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. அதனை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும். கரையில் கிடைத்தது என்பதனால் மட்டும் ஒரு பொருள் விற்பனைக்கு உரியதாகிவிடாது.

நீரிலிருந்து கிடைத்த பொருளைப் பற்றிப் பேசும்போது, ஸஹீஹுல் புகாரியில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த நிகழ்ச்சியை நினைவுகூராமல் இருக்க முடியாது. பனூ இஸ்ராயீல் கூட்டத்தில் ஒருவர், அல்லாஹ்வையே சாட்சியாகவும் பிணையாகவும் வைத்து ஆயிரம் தீனார் கடன் பெற்றார். தவணை நாள் வந்தது. கடலைக் கடந்து செல்லக் கப்பல் கிடைக்கவில்லை. ஒரு மரக்கட்டையைக் குடைந்து, உள்ளே பணத்தையும் ஒரு கடிதத்தையும் வைத்து அடைத்து, அல்லாஹ்விடம் ஒப்படைத்துக் கடலில் விட்டார். மறுகரையில் கப்பலை எதிர்பார்த்து வந்த கடன் கொடுத்தவர், கட்டையைக் கண்டு, விறகுக்கு ஆகும் என்று எடுத்துச் சென்று அறுத்தார். பணமும் கடிதமும் கிடைத்தன. பின்னர் கப்பல் கிடைத்து, கடன் வாங்கியவர் வேறோர் ஆயிரம் தீனாரோடு நேரில் வந்தார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். வந்தவர் கட்டையைப் பற்றி உடனே ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்தவர் வாய்மூடி இருந்திருந்தால், இரண்டாவது ஆயிரமும் அவருடையதாகியிருக்கும். கடலுக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த இரகசியமாகவும் இருந்திருக்கும். அவரோ, தமக்கு ஏதேனும் அனுப்பினீரா என்று தாமே கேட்டு, நீர் அனுப்பியதை அல்லாஹ் சேர்த்துவிட்டான் என்று கூறி, இரண்டாவது பணத்தைத் திருப்பி அனுப்பினார். கடல் தந்த கட்டையைவிட அரியது அந்த நேர்மை அல்லவா?

ஆகவே நம் மஹல்லா மக்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இவைதாம்:

முதலாவதாக, குளம் தூர்வாரும்போதோ, கடற்கரையிலோ, கழிமுகத்திலோ இன்னதென்று தெரியாத இரும்புப் பொருளோ, மூடிய பெட்டியோ, உருளையோ கண்டால், தொட வேண்டாம்; தட்ட வேண்டாம்; நீரிலிருந்து இழுக்க வேண்டாம். மற்றவர்களையும் விலக்கி, இடத்தை மட்டும் நினைவில் வைத்து, காவல்துறையின் 100 என்னும் எண்ணிலோ கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்னும் எண்ணிலோ தெரிவியுங்கள். பழைய இரும்புக் கடைக்குக் கொண்டு செல்லவே வேண்டாம்.

இரண்டாவதாக, கல், சிலை, நாணயம் போன்ற பழம்பொருள் எதுவாயினும், எச்சமயத்தவருடையதாயினும், அது அமானத். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ அறிவியுங்கள். நம்மோடு வாழும் மாற்றுச் சமயச் சகோதரர்களின் வழிபாட்டுப் பொருளாக அது இருக்குமானால், நம் பொறுப்பு இருமடங்காகும்.

மூன்றாவதாக, பணமோ நகையோ கண்டெடுத்தால், பள்ளிவாசல் அலுவலகத்தில் தெரிவித்து அறிவிப்புச் செய்யுங்கள். அடையாளத்தை வெளியே சொல்லிவிடாமல், தேடி வருபவரையே சொல்லச் செய்யுங்கள். பையையும் கயிற்றையும் அறிந்துகொள்ளச் சொன்ன நபிவழியின் நுட்பம் அதுவே.

நான்காவதாக, கடல் திடீரென வெகுதூரம் உள்வாங்கினால், வெளிப்படும் கல்லையோ கிளிஞ்சலையோ துள்ளும் மீனையோ எடுக்க ஒருவரும் இறங்க வேண்டாம். பின்வாங்கிய நீர் மலைபோல் திரும்பி வரும் என்பதை 2004 நமக்குக் காட்டியது. வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி ஓடுவதே அப்போது கடமை.

பெற்றோர்களே! இன்றிரவே பிள்ளைகளை அருகில் அமர்த்தி இதனை எடுத்துச் சொல்லுங்கள். ‘தொடாதே’ என்று மட்டும் சொன்னால் மறைவாகத் தொடுவான். ‘கண்டதும் எங்களிடம் வந்து சொல், திட்டமாட்டோம்’ என்று சொல்லுங்கள். கண்டதை வந்து சொல்லும் துணிவு பிள்ளைக்கு இருந்தால், அதுவே அவன் உயிருக்குக் காவல். அவன் ஈமானுக்கும் அழகு.

பிறர் பொருளில் ஆசை வைக்காத உள்ளத்தையும், கண்டதை மறைக்காத நாவையும், நம் சந்ததிகளுக்கு ஆபத்தற்ற நீண்ட ஆயுளையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! மானாம்பதியில் பிள்ளைகளை இழந்த குடும்பத்தாரின் மனங்களுக்கு ஆறுதல் அளிப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.