களிமண் ஏடுகளும் ஒரு கணித அறிஞரும்



ஒரு மணிக்கு 60 நிமிஷம் என்று கணக்கு வகுப்பில் நான் சொல்லும்போதெல்லாம், "100 நிமிஷம் என்று வைத்தால் சுலபமாக இராதா, ஐயா?" என்று கேட்கும் மாணவன் ஆண்டுக்கு ஒருவனாவது இருப்பான். அவனுக்கு விடை கூறப் பண்டைய பாபிலோனுக்குப் போக வேண்டும். யூப்ரட்டீஸ் நதிக்கரையில் வாழ்ந்த அந்நாட்டு அறிஞர் அறுபது அறுபதாக எண்ணினர். வானத்தை அளந்த கணக்குகளையும் அவ்வாறே ஈரக் களிமண்ணில் நாணல் முனையால் பொறித்து வைத்தனர். அக்கணக்குகளை உலகம் அறியச் செய்தவர்களுள் தலைசிறந்தவர் ஓட்டோ நொய்கபவர்.

அவர் 1899-இல் ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றி, இத்தாலியில் போர்க் கைதியாக இருந்து மீண்டார். பின்னர் ஜெர்மனியில் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். அவ்வாண்டில் கணித நிலையத்தின் தலைமைப் பொறுப்பு நொய்கபவரிடம் வந்தது. புதிய ஆட்சிக்கு விசுவாசம் கூறும் உறுதிமொழியில் கையொப்பமிட அவர் மறுத்தார். அப்பதவி ஒரே நாள்தான் அவரிடம் இருந்தது! கோபன்ஹேகனுக்குச் சென்ற அவர், 1939-இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட வேலை எளியதன்று. எப்பிங், ஷ்ட்ராஸ்மாயர், கூக்லர் என்னும் மூன்று பாதிரியார்கள் அவருக்கு முன்பே வழி காட்டியிருந்தனர். எனினும் ஏடுகளோ உடைந்த துண்டுகள். பல நாட்டுப் பொருட்காட்சிச் சாலைகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை எவ்வாறு இணைப்பது? எண்களே துணை செய்தன. ஒரு வரிசையில் எண்கள் ஒரே அளவாக ஏறிச் சென்று, ஓர் எல்லையைத் தொட்டதும் அதே அளவாக இறங்கும். ஆதலால் உடைந்த இடத்தில் இருந்த எண்ணை ஊகிக்க வேண்டுவதில்லை, கணக்கிட்டே அறியலாம். இரு துண்டுகள் ஒரே ஏட்டைச் சேர்ந்தவை என்பதையும் இக்கணக்கே காட்டிவிடும்.

இவ்வாறு ஏறத்தாழ 300 ஏடுகளை ஆராய்ந்து, 1955-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிஷம், 3⅓ வினாடி என்பது பாபிலோனியர் கண்ட அளவு. இக்கால அளவுக்கும் அதற்கும் ஒரு வினாடி வேற்றுமைகூட இல்லை.

அவர் பார்வை நம் நாட்டின் மீதும் படிந்தது. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணித்த தமிழர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை, ஜான் வாரன் என்பவர் 1825-இல் சென்னையில் வெளியான 'கால சங்கலிதம்' என்னும் நூலில் எழுதியிருந்தார். கணக்கின் தத்துவத்தை அப்பெரியவர் அறியார் என்றும் வாரன் குறித்தார். படித்தவர் பலர் இதனைப் புறக்கணித்திருப்பர். நொய்கபவரோ 1952-இல் தமிழர் வானியல் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார். பாபிலோனிய ஏடுகளில் உள்ள 248 நாள் சந்திரச் சுற்று, நம் பஞ்சாங்கக் கணிதத்திலும் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். சோழிக் கணக்கும் அவருக்கு ஒரு சான்றேடு ஆயிற்று.

நொய்கபவர் 1990-இல் மறைந்தார். மாணவர்களே, அறிவுக்கு நேர்மையே அடிப்படை. மனம் ஒப்பாத உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்த அதே கைதான், உடைந்த ஏட்டில் ஆதாரமில்லாத எண்ணையும் எழுத மறுத்தது. இனிக் கடிகாரத்தைப் பார்க்கும்போது இதனை நினைவிற் கொள்ளுங்கள்.