சிரட்டை, பழைய சேலை, குப்பி விளக்கு

(தலவில புனித அன்னம்மாள் தலத்துக்கு யாத்திரை வந்திருந்த தோட்டக் குடும்பங்கள் மத்தியில் எமது குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ராத்திரி முழுக்க பஸ்ஸிலேயும் லொறியிலேயும் குலுங்கிக்கிட்டு வந்து, காலையில் கடலைப் பார்த்ததும் பாதிக் களைப்புப் போய்விட்டது என்று சிலபேர் சொன்னீர்கள். மார்ச் மாதத் திருவிழாவானாலும் சரி, ஜூலை – ஆகஸ்ட் திருவிழாவானாலும் சரி, மலையிலிருந்து வேதக்காரரும் வருகிறோம், சாமி கும்பிடுகிறவர்களும் வருகிறோம். கிடுகுக் கொட்டகையிலும் மரத்தடியிலும் படுத்து, கல்லைக் கூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு, நாலு நாளைக்கு லயத்தை மறந்து இருக்கிறோம். அந்த நேரத்திலே கைவேலையைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பதும் கேட்கத்தான் செய்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம். பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் பூ, பிளாஸ்டிக் மிதியடி. காசு கொடுத்து வாங்கி, மலைக்குக் கொண்டுபோய், ஆறு மாதத்தில் குப்பையில் போடுகிற சாமான்கள். ஆனால் கடைக்குப் பின்னால் பாருங்கள். தேங்காய் துருவிவிட்டு எறிந்த சிரட்டை குவியலாகக் கிடக்கிறது. விழுந்த தென்னோலை கேட்பாரற்றுக் கிடக்கிறது. புத்தளம் மாவட்டம் தென்னை நாடு. எங்கள் பக்கத்திலே ஒரு தேங்காயை விலைகொடுத்து வாங்கிச் சிரட்டையை அடுப்பில் வைக்கிறோம். இங்கே அது காலில் மிதிபடுகிறது. வீட்டுக்குப் போகும்போது பத்துச் சிரட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அகப்பை செய்வதற்குக் கண் உள்ள பாதியை எடுக்காதீர்கள். கண் இல்லாத அடிப்பாதிதான் வேண்டும், அதுதான் ஒழுகாது. மேலே ஒட்டியிருக்கிற தும்பை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி எடுங்கள், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு. பிறகு மணலும் தண்ணீரும் போட்டுப் பொச்சுமட்டையால் தேயுங்கள். இந்தக் கரையிலே மணலுக்குப் பஞ்சமா? பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு பின்னேரத்தில் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். விளிம்புக்குக் கீழே எதிரெதிராக இரண்டு ஓட்டை போட வேண்டும். ஆணியைச் சுத்தியலால் அடித்தால் சிரட்டை பிளக்கும். ஆணியைக் குறட்டால் பிடித்து நெருப்பில் காய்ச்சி, மெதுவாக அழுத்தித் திருப்பித் திருப்பித் துளையுங்கள். பிடிக்குக் காய்ந்த மூங்கில் நல்லது. ஒரு முனையைக் கூராகச் சீவி, இரண்டு ஓட்டைக்குள்ளும் ஓட விட்டு இறுக்கினால் போதும். கடைசியில் தேங்காய் எண்ணெயைத் தடவி ஒரு நாள் வையுங்கள். வார்னிஷ் பூசாதீர்கள், சோற்றிலே போகிற சாமான் அது.

ஈர்க்குமாறு கட்டுவதை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓலையிலிருந்து ஈர்க்கைக் கிழித்து, காயவைத்து, கட்டாகக் கொண்டுபோனால் வீட்டிலே கட்டிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் கரையில் சிப்பி பொறுக்குவது சந்தோஷம்தான். வெறும் சிப்பியைக் கோர்த்துக் கதவுக்கு மாலை கட்டலாம். ஆனால் பவளப்பாறைத் துண்டை உடைத்து எடுக்க வேண்டாம். இந்தக் கற்பிட்டிக் கடலில் உள்ள பாறைத்திட்டு 1992இல் சரணாலயமாக்கப்பட்டது. மீன் குஞ்சுகளுக்கு அதுதான் பிள்ளைக் காம்பரா.

அடுத்தது பழைய சேலை. கிழிந்த நூல் சேலையை இரண்டு அங்குல அகலத்தில் நீட்டுவாக்கிலே கிழியுங்கள். மூன்று துண்டை ஒன்றாக முடிச்சுப் போட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டி, தலை பின்னுவது போலப் பின்னிக்கொண்டே போங்கள். துண்டு முடிகிற இடத்திலே அடுத்த துண்டை வைத்துத் தைத்து நீட்டிக்கொள்ளலாம். பிறகு அந்தப் பின்னலை முறுக்கு சுற்றுவது போலத் தரையிலே வட்டமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் பக்கத்துச் சுற்றோடு கெட்டி நூலால் தையுங்கள். இறுக்கித் தைத்தால் நடு உப்பிக் கிண்ணம் மாதிரி ஆகிவிடும். தரையில் தட்டையாக வைத்தே தைக்க வேண்டும். ஒரு சேலையில் ஏறக்குறைய இரண்டடி அகல மிதியடி வரும். நைலோன் சேலை வேண்டாம். வழுக்கும், அடுப்புப் பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் மலைக் காம்பராவிலே சீமெந்துத் தரை மழைக்காலம் பூராவும் ஈரம் கசியும். அதனாலே மிதியடிக்கு அடியில் கழுவிக் காயவைத்த உரப்பையை வெட்டித் தையுங்கள், ஈரம் மேலே ஏறாது. உரப்பைக்கு அது நல்ல வேலை. அதிலே அரிசி, மா கட்டி வைப்பது எவ்வளவு கழுவினாலும் கூடாது. மருந்துப் போத்தலும் அப்படித்தான்.

இப்போது குப்பி விளக்குக்கு வருவோம். இன்றைக்கு இங்கே பேச வந்ததே இதற்காகத்தான். கைவேலைகளிலேயே நாம் அதிகமாகச் செய்கிற கைவேலை இது, ஆனால் கைவேலை என்று யாரும் நினைப்பதில்லை. ஒரு கால் போத்தல், இல்லாவிட்டால் மருந்துக் குப்பி. வாயிலே ஒரு தகரம், நடுவிலே துணித்திரி, உள்ளே மண்ணெண்ணெய். செலவு ஒன்றுமில்லை. உயரமாக, ஒல்லியாக, கனமில்லாமல் நிற்கிற அந்தக் குப்பி, பிள்ளையின் கை பட்டால், பூனை ஓடினால் சாய்கிறது. சாய்ந்ததும் தகரம் கழன்றுவிடுகிறது. எண்ணெய் பாயிலும் சட்டையிலும் ஓட, நெருப்பும் கூடவே ஓடுகிறது.

இந்த நாட்டிலே ஆஸ்பத்திரியில் எரிகாயக்காரர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்த வைத்தியர் விஜய கொடகும்புர இதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் யோசித்தார். அவருக்கு வழி காட்டியது ஒரு மார்மைட் போத்தல். குட்டையாக, தடியாக இருக்கிறது. லேசில் சாயாது, சாய்ந்தாலும் உடையாது. அதை வைத்து 1992 அளவிலே ஒரு விளக்கை உருவாக்கினார். தடித்த கண்ணாடி, விழுந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கமும் தட்டை, எண்ணெய் சிந்தாதபடி தகரத் திருகு மூடி. 'சுதீப' என்று பெயர். லட்சக்கணக்கிலே செய்து ஏழை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு விளக்கின் செலவு அந்நாளில் ஒரு டொலரில் கால் பங்கு அளவுதான்.

லயத்துக்குத்தான் கரண்ட் வந்துவிட்டதே என்பீர்கள். வரும் வழியில் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்திருப்பீர்கள். 900 மெகாவாட், நாட்டிலேயே பெரிய நிலக்கரி மின் நிலையம். அது இருந்தும் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள், ஞாபகமிருக்கிறதா? அப்போது பரணிலே கிடந்த குப்பிகள் எல்லாம் கீழே இறங்கின. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. மழை, காற்று, மரம் விழுதல் என்று மலையிலே கரண்ட் போகாத மாதம் உண்டா? இங்கேயும் பாருங்கள், காய்ந்த கிடுகுக் கொட்டகைக்குள்ளே பிள்ளைகள் தூங்குகிற பாய்க்குப் பக்கத்திலே மெழுகுதிரி எரிகிறது.

முடிந்தால் பற்றரி விளக்கு அல்லது சூரிய ஒளி விளக்குத்தான். முடியாதவர்கள் குப்பி விளக்கைச் செய்யத்தான் செய்வீர்கள், செய்கிறபோது இப்படிச் செய்யுங்கள். குட்டையான தடித்த போத்தலை எடுங்கள். மெல்லிய கண்ணாடி சூட்டில் வெடிக்கும். தகரத் திருகு மூடி இருக்க வேண்டும், பிளாஸ்டிக் மூடி கூடாது. மூடியின் நடுவில் ஆணியால் ஓட்டை போட்டு, பால்மா டின் தகரத்தைச் சிறு குழாயாகச் சுருட்டி இறுக்கமாகச் செருகுங்கள். குழாய் ஆடினால் அந்த மூடி வேண்டாம், வேறொன்று எடுங்கள். குழாய்க்குள் நூல்திரி நெருக்கமாக நிற்க வேண்டும். தண்ணீரை ஊற்றி மூடி, கவிழ்த்துப் பாருங்கள். சொட்டு சொட்டாக வந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். முக்கால் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள், எரிகிறபோது ஒருக்காலும் ஊற்றாதீர்கள். பெற்றோல் கலந்த எண்ணெய் வெடிக்கும். மணல் போட்ட தட்டிலே விளக்கை வையுங்கள். இங்கிருந்து ஒரு பை மணல் கொண்டுபோனால் அதற்கும் ஆகும்.

அப்படியும் சட்டையில் நெருப்புப் பிடித்தால் ஓடக் கூடாது. தரையிலே படுத்து உருள வேண்டும், அல்லது கம்பளியால் சுற்ற வேண்டும். காயத்தின் மேல் குளிர்ந்த சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். பற்பசை, மை, எண்ணெய், ஐஸ் ஒன்றும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிள்ளைக்குச் சின்னக் காயம் என்று தோட்டத்து மருந்தோடு நிறுத்திவிட வேண்டாம். முகம், கை, மடக்கும் இடங்களில் பட்டால் பிறகு தோல் சுருங்கி இழுத்துக்கொள்ளும்.

பின்னேரம் ஆராதனை முடிந்ததும் இதே மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். சிரட்டை, ஆணி, குறடு, நாலைந்து மார்மைட் போத்தல் எல்லாம் வைத்திருக்கிறோம். கிழிந்த சேலை இருந்தால் எடுத்து வாருங்கள். மிதியடி பின்னத் தெரிந்த பாட்டிமார் இருந்தால் முன்னுக்கு வந்து உட்காருங்கள், எங்களுக்கும் கொஞ்சம் சொல்லித் தாருங்கள்.