கற்கும் கல்வியும் கட்டும் பணமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



 

கல்வியின் சிறப்பைப் பற்றி இம்மேடையில் பலமுறை பேசியுள்ளோம். பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தோர், மீட்புத்தொகைக்குப் பகரமாக மதீனாச் சிறார் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பிக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்த வரலாற்றை அறியாதவர் இங்கு இருக்க முடியாது. அவ்வரலாற்றில் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. பொருள் நெருக்கடி மிகுந்திருந்த அக்காலத்தில், வரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுத்தே அந்தக் கல்வி வாங்கப்பட்டது. அந்த விலையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

அண்மையில் நம் மஹல்லாவைச் சேர்ந்த பட்டதாரிப் பெண் ஒருவர், தம் கணவர் மூலம் ஒரு மஸ்அலா கேட்டனுப்பினார். கைக்குழந்தை உள்ளவர், வெளியூர் சென்று படிக்க இயலாதவர். நூலகத் துறையில் இணையவழிப் பட்டமேற்படிப்புச் சான்றிதழ் ஒன்று பெற்றால் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு முயலலாம் என்பது அவரது எண்ணம். விவரம் கேட்ட மறுநாளே ஒரு நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்துவிட்டது. இன்று மாலையோடு இடம் முடிந்துவிடும், கட்டணத்தை மாதத் தவணையில் கட்டலாம், வட்டியே கிடையாது, உடனே கையொப்பமிடுங்கள் என்று அவசரப்படுத்தியுள்ளனர். இது கூடுமா, கூடாதா என்பதே கேள்வி.

ஒப்பந்தத்தை வரவழைத்து, ஆங்கிலம் நன்கறிந்த நம் செயலாளர் அவர்களை உடன்வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தோம். முழுக் கட்டணத்தையும் ஒரு நிதி நிறுவனம் ஒரே தவணையில் செலுத்திவிடும். அப்பெண் பன்னிரண்டு மாதங்களில் அந்நிதி நிறுவனத்திற்குத் திருப்பிக் கட்ட வேண்டும். ‘நடைமுறைக் கட்டணம்’ என்று ஒரு தொகை தனியே. தவணை பிந்தினால் நாள் கணக்கில் கூடுதல். படிப்பை இடையில் விட்டாலும் கடன் விடாது. அதாவது அவர் கையொப்பமிடவிருந்தது கல்லூரி விண்ணப்பத்தில் அல்ல, கடன் பத்திரத்தில்!

ஃபிக்ஹின் நிலையைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ரொக்கத்திற்கு ஒரு விலை, தவணைக்குச் சற்றுக் கூடிய விலை என்று பேசி, இரண்டில் ஒன்றை முடிவு செய்த பின்னர் விற்பதைப் பெரும்பான்மையான இமாம்கள் அனுமதித்துள்ளனர். ஆகவே, கல்வி நிறுவனமே தன் கட்டணத்தைப் பருவந்தோறும் பிரித்து வாங்கினால் அதில் ஐயமில்லை. ஆனால் மூன்றாமவர் ஒருவர் பணத்தைக் கடனாகக் கொடுத்து, கொடுத்ததற்கு மேல் வாங்கினால், அதற்கு எந்தப் பெயர் சூட்டினாலும் அது ரிபா என்னும் வட்டியே. சூரத்துல் பகராவின் 275ஆம் வசனம் வணிகத்தையும் வட்டியையும் பிரித்துக் காட்டுவது இந்த இடத்தில்தான். வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் வட்டியே நடைமுறைக் கட்டணமாக மறைத்து வாங்கப்படுவதை 2013ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கியே தன் சுற்றறிக்கையில் கண்டித்துள்ளது. மார்க்கம் அறியாத அதிகாரிகளுக்குப் புரிந்தது நமக்குப் புரியாமல் போகலாமா? ஒரு பைசாவும் கூடுதலாக வாங்காத தவணைத் திட்டமும் சில இடங்களில் இருக்கலாம். அங்கும் தாமத வட்டி நிபந்தனை இருக்குமாயின் அதில் கையொப்பமிடுவதைத் தவிர்ப்பதே பேணுதல் என்பது நமது கருத்து.

பணத்திற்கு முன் பார்க்க வேண்டியது அங்கீகாரம். பட்டம் வழங்கும் உரிமை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டப்படி பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கு உரிமை பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. தம் பெயரில் பிறரைக் கொண்டு படிப்பு நடத்த விடுவது கூடாது என 2022 ஜனவரியில் மானியக்குழு எச்சரித்தது. முறைப்படி அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடியாகக் கல்லூரி சென்று பெற்ற பட்டங்களுக்குச் சமம் என்பதையும் அதே ஆண்டில் அறிவித்தது. ஆனால் ‘சான்றிதழ்’ என்ற சொல்லோ வேலியில்லாத வயல். யாரும் அச்சடித்துக் கொடுக்கலாம். அதில் யாருடைய முத்திரை இருக்கும் என்று முதலில் கேளுங்கள். பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் போன்றவற்றை இணையவழியில் பட்டமாகத் தருவதாக எவரேனும் கூறினால், மேற்கொண்டு பேசாமல் தொலைபேசியை வைத்துவிடலாம். 1985இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அரசுடையவை. 2017இல் மத்திய அரசு தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தில் பாடம் கேட்கக் கட்டணமில்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கே கட்டணம்.

விண்ணப்பத்தில் நம்மவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சோதனை உண்டு. அது பெயர்! மதிப்பெண் பட்டியலில் ஒரு முஹம்மது, ஆதாரில் வேறொரு எழுத்துக்கூட்டலில் முகமது, வங்கிக் கணக்கில் வெறும் எம்.டி. பெண்மக்களுக்கோ பள்ளியில் பீவி, நிகாஹ்வுக்குப் பின் பேகம். 2024 முதல் இணையவழிப் படிப்பில் சேருவோர் மானியக்குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் தனி அடையாள எண் பெற வேண்டும். அதற்கு ஆதாரோடு இணைந்த கல்வி வரவு எண் வேண்டும். பெயர் பொருந்தவில்லையெனில் அங்கேயே நின்றுவிடும். எனவே விண்ணப்பிக்கும் மாதத்தில் அல்ல, இன்றே சரிசெய்யுங்கள். நிகாஹ் தஃப்தரில் பெயர் எழுதும்போது பள்ளிச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள் என்று நாம் வற்புறுத்துவதைச் சிலர் கெடுபிடி என்கின்றனர். காரணம் இதுதான்.

இனி, பணத்திற்கு என்ன வழி? ஸகாத் பெறத் தகுதியுள்ள மாணவருக்கு ஸகாத் கொடுக்கலாம். ஹனஃபி மத்ஹபின்படி அதை அவரது கையில் உடைமையாக ஒப்படைக்க வேண்டும். அவர் அதைக் கொண்டு கட்டணம் செலுத்துவார். பருவமடைந்த பிள்ளையின் தகுதி அவரது சொந்தப் பொருளைக் கொண்டே கணிக்கப்படும். தகப்பனாரின் கடையைக் கொண்டல்ல. அதேபோல, 612 கிராம் வெள்ளியின் மதிப்புக்கு மேல் நகை வைத்திருக்கும் பெண் ஸகாத் வாங்க இயலாது. அத்தகையோர் ஒரு வளையலை விற்றுப் படிப்பதில் என்ன குறைந்துவிடும்? விருந்துக்காக நகையை அடகு வைக்கத் தயங்காத குடும்பங்கள் படிப்புக்காக விற்கத் தயங்குவது நமக்கு விளங்கவில்லை.

ஸகாத் வாங்கத் தகுதியுமில்லை, கையில் ரொக்கமுமில்லை என்ற நடுத்தர நிலையினரே நம் மஹல்லாவில் அதிகம். வட்டிக்காரனின் வாசலுக்குச் செல்வோரும் அவர்களே. அவர்களுக்காக பைத்துல்மாலில் ‘கர்ளன் ஹஸனா’ கல்விக் கடன் நிதி ஒன்றைத் தொடங்கக் கோருகிறோம். இதன் கணக்கு ஸகாத் கணக்கோடு கலக்கக் கூடாது. வங்கியில் சேர்ந்த வட்டிப் பணத்தை என்ன செய்வது என்று வெளிநாட்டிலிருந்து சில சகோதரர்கள் கேட்டெழுதுகின்றனர். அதை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்நிதியில் சேர்க்க வேண்டாம்.

கடன் கொடுக்கும்போது பகரா 282ஆம் வசனத்தின் வழிகாட்டுதல்படி எழுதி, இரு சாட்சிகளை வைத்து, ஒரு பிணையாளரையும் பெறுவோம். பணம் நேரே பல்கலைக்கழகத்திற்குச் செல்லட்டும். மெய்யான சிரமம் ஏற்பட்டால் 280ஆம் வசனப்படி அவகாசம் உண்டு. ஆனால் ஜமாஅத் பணம்தானே, கேட்கமாட்டார்கள் என்ற எண்ணம் கூடாது. கடனோடு மரணித்தவரின் ஜனாஸாவை, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்றுக்கொள்ளும் வரை நபி (ஸல்) அவர்கள் தொழவைக்கவில்லை. இந்த ஹதீஸைக் கடன் பத்திரத்தின் தலைப்பிலேயே அச்சிடலாம் என்று நிர்வாகத்திடம் கூறியுள்ளோம்.

அந்தச் சகோதரி கையொப்பமிடவில்லை. ‘இன்று மாலையோடு முடிந்துவிடும்’ என்ற இடத்திற்கு மறுவாரமும் மூன்று முறை அழைப்பு வந்ததாக அவரது கணவர் கூறினார்! அங்கீகாரமுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில், கட்டணத்தைப் பருவந்தோறும் அங்கேயே செலுத்தும் ஏற்பாட்டில் அவர் விண்ணப்பித்துள்ளார். முதற்பருவத்திற்கு அவர் கையிலிருந்ததே போதுமானதாயிற்று. இரண்டாம் பருவத்திற்கு இந்நிதியை நம்பியுள்ளார். ஜூலைச் சேர்க்கையை எதிர்பார்த்து இன்னும் சிலர் பெயர் கொடுத்துள்ளனர்.

தீர்மானம் இப்போது உங்கள் முன் வைக்கப்படுகிறது. நிதிக்குப் பங்களிக்க விரும்புவோர் இஷா தொழுகைக்குப் பின் பொருளாளர் அவர்களிடம் பெயர் பதியலாம். வஸ்ஸலாம்.