மைதானம் இல்லாத ஆசிரியப் பயிற்சி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உடற்பயிற்சிக் கல்விக்கு இம்மொழி முற்றிலும் பொருந்தும். ஓடாமல் ஓட்டத்தைக் கற்க இயலாது. பிறரை ஓடவிட்டுப் பார்க்காமல் அதைக் கற்பிக்கவும் இயலாது. ஆயினும் 2020ஆம் ஆண்டில், கொரோனாப் பெருந்தொற்றினால் மைதானங்கள் மூடப்பட்டபோது, நாளைய உடற்பயிற்சி ஆசிரியர்கள் வீட்டில் அமர்ந்து கைபேசித் திரையின் வாயிலாகத் தம் தொழிலைக் கற்க நேர்ந்தது. அதனால் விளைந்த நன்மை எது, குறை எது என்பதை இரு நாடுகளைக் கொண்டு ஆராய்வோம்.

ஒன்று ஸ்பெயின், மற்றொன்று நம் பாரதம். ஸ்பெயினில் 2020 மார்ச் 14ஆம் தேதி நாடு முழுவதும் அடைப்பு அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 26ஆம் தேதி முதலே சிறுவர்கள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், உலவ அனுமதி பெற்றனர். நம் நாட்டில் மார்ச் 25 முதல் ஊரடங்கு. இந்தியாவின் முதல் உடற்பயிற்சிக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் நிறுவியது 1920இல். அதன் நூற்றாண்டிலேயே இந்நிலை வந்தது.

இரு நாட்டு மாணவரும் ஒரே வகையில் அடைபட்டனர். ஆனால் வசதி ஒன்றாக இல்லை. 2019இல் ஸ்பெயினில் நூற்றுக்குச் சுமார் 91 வீடுகளில் இணைய வசதி இருந்தது. நம் நாட்டில் 2017–18 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குச் சுமார் 24 வீடுகளில்தான் இருந்தது. கிராமங்களில் 15 மட்டுமே.

வசதி நிறைந்த ஸ்பெயினிலும் மனக்குறை தீரவில்லை. அங்குள்ள பயிற்சி மாணவரை ஆராய்ந்தோர், ‘தொடுகையற்ற வகுப்புகள், காணாத உடல்கள்’ என்னும் பொருளில் தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டனர். அது மிகையன்று. சிறுவன் குட்டிக்கரணம் போடும்போது அவன் கழுத்து மடங்காமல் தாங்குவது ஆசிரியரின் கை. குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறம் சாய்கிறதா என்பதை முன்னிருந்து காண வேண்டும். முதுகு வளைகிறதா என்பதைப் பக்கத்திலிருந்து காண வேண்டும். கைபேசி ஒரு திசையையே காட்டும். “ஒன்று, இரண்டு” என்று எண்ணினால், அவ்வொலி ஒவ்வொரு வீட்டுக்கும் வெவ்வேறு கணத்தில் சென்று சேரும், கூட்டுப்பயிற்சி குலைந்துவிடும். நாற்பது பிள்ளைகளை ஒரு விசில் ஒலியால் அணிவகுக்கச் செய்யும் திறமையோ திரையில் கைவரவே வராது.

எனினும் பயன் இல்லாமலும் போகவில்லை. கையால் திருத்த முடியாதவர் சொல்லால் திருத்தியாக வேண்டும். ஜப்பானில் 1928 முதல் வானொலிக் குரலைக் கேட்டே மக்கள் உடற்பயிற்சி செய்து வருகின்றனர். சொல் தெளிவாயிருந்தால் உடல் கேட்கும் என்பதற்கு அது சான்று. “காலை அகற்று” என்றால் போதாது. “இரு பாதங்களையும் தோளின் அகலத்துக்கு வை, முழங்காலைச் சற்றே தளர்த்து” என்று கூற வேண்டும். இத்தகைய சொல்திட்பத்தைப் பழகத் திரைவழி வகுப்பு நல்ல களம். பந்தும் வலையும் இல்லாத இடத்தில் சுவரையும் துண்டையும் தண்ணீர்ப் புட்டியையும் கொண்டு பயிற்சி அமைக்கவும் அது வழிகாட்டியது. பம்பாயின் தாராவியைப் போன்ற இடங்களில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்தும் நம்மவர், இதன் அருமையைச் சொல்லாமலே அறிவர்.

ஆகவே நாம் வேண்டுவது இரண்டையும் இணைத்தலாகும். உடற்கூறு, விளையாட்டு விதி, பாடத்திட்டம் ஆகியவற்றைத் திரையிலே கற்கலாம். கண்ணும் கையும் பழக வேண்டியதை மைதானத்திலேதான் கற்க வேண்டும். பி.பி.எட். படிப்பு இரண்டே ஆண்டு. அதில் பல மாதங்களை மைதானம் காணாமல் கழித்தவர்கள் இன்று பள்ளிகளில் ஆசிரியராய் இருக்கின்றனர். குறை அவர்களுடையதன்று. விடுமுறைக் காலங்களில் மூத்த ஆசிரியரின் கீழ் அவர்களுக்குக் களப்பயிற்சி அளிப்பது அரசினரின் கடமை. பெற்றோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு: நாம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், நம் பிள்ளைகளின் விளையாட்டு நேரம் கணக்குப் பாடத்துக்குத் தாரைவார்க்கப்படுகிறதா என்று பள்ளியில் கேட்டறிவோமாக. கற்பிக்க நேரம் கிட்டாவிடில், எவ்வளவு தேர்ந்த ஆசிரியராலும் பயன் இல்லை.