அப்பீல் கெடுவும் ஆடி மாதமும்



1929-ல் செங்கல்பட்டு மகாநாட்டில் விவாகரத்து உரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தபோது, குடும்பமே குட்டிச்சுவராகிவிடும் என்று கூக்குரலிட்டவர்கள் உண்டு. 1955-ல் இந்து விவாகச் சட்டம் அவ்வுரிமையைக் கொடுத்தும்விட்டது. இன்று நாம் பேச வந்தது அதைப்பற்றியல்ல. விவாகரத்து வழக்கில் தீர்ப்பாகி, அதன்மேல் அப்பீல் செய்வதற்குள்ள நாட்களைத் தவறவிட்டு நிற்கிறவர்களின் கதியைப் பற்றியேயாகும்.

தோற்றுப்போன பெண் தாய்வீட்டுக்கு வருகிறாள். தகப்பனார் “ஆடி கழியட்டும்” என்கிறார். மாமன் “நாலு பெரிய மனிதரை வைத்துப் பேசிப்பார்ப்போம்” என்கிறார். ஜோசியரோ சனிப்பெயர்ச்சி வரையில் பொறுக்கச் சொல்லித் தட்சிணையும் வாங்கிக்கொள்ளுகிறார். தீர்ப்பு என்றைக்கு ஆயிற்று என்று அப்பெண்ணையே கேட்டால், “அண்ணனைத்தான் கேட்கவேண்டும்” என்கிறாள்! நகல் தகப்பனார் பெட்டியில். வக்கீல் விலாசம் அண்ணன் சட்டைப்பையில். வாழ்வு யாருடையது என்று கேட்கிறோம்.

கோர்ட்டுக் கெடுவுக்கு ஆடியும் தெரியாது, அமாவாசையும் தெரியாது. ராகுகாலத்தில் மனுக் கொடுத்தாலும் வாங்கி முத்திரை குத்துவார்கள். கெடு கழிந்த மறுநாள் அமிர்தயோகத்தில் கொடுத்தாலும் அது காலங்கடந்த மனுவேயாகும்.

அக்கெடுதான் எவ்வளவு? விவாகச் சட்டத்தில் முதலில் 30 நாளாக இருந்தது. இவ்வளவு பெரிய தேசத்தில் இது போதாதென்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லவே, 2003-ல் 90 நாளாக்கினார்கள். ஆனால் 1984-ம் வருஷத்துக் குடும்பக் கோர்ட்டுச் சட்டமோ 30 நாள் என்கிறது. 90 நாளே செல்லும் என்று பம்பாய் ஹைக்கோர்ட்டு 2016-ல் தீர்ப்புச் சொன்னது மெய்தான். அதை நம்பி நாம் 89-ம் நாள்வரை தூங்குவானேன்? 30 என்றே எண்ணிக்கொள்ளுவது புத்திசாலித்தனம். நகலுக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் நாட்கள் கெடுவில் கழிக்கப்படும். மனுவே போடாமல் வீட்டிலிருந்த நாட்களுக்கு அக்கழிவு கிடையாது.

தாமதத்தை மன்னிக்கமாட்டார்களா எனலாம். தக்க காரணம் காட்டினால் மன்னிக்கச் சட்டத்தில் இடமுண்டு. 1998-ல், வக்கீலின் அசட்டையால் நேர்ந்ததென்று கட்சிக்காரர் சொன்ன 883 நாள் தாமதத்தையே சுப்ரீம் கோர்ட்டு மன்னித்திருக்கிறது. ஆனால் அது விவாகரத்து வழக்கல்ல. நிலம் எங்கும் ஓடிப்போகாது; புருஷன் அப்படியா? கெடுவுக்குள் அப்பீல் இல்லையென்றால் மறுவிவாகம் செய்துகொள்ள விவாகச் சட்டத்தின் 15-வது பிரிவே அவனுக்கு இடங்கொடுக்கிறது. பிந்தி வந்த அப்பீலைக் கோர்ட்டு தாமதம் மன்னித்து ஏற்றாலும், டிக்ரிக்குத் தடையுத்தரவு இல்லாவிட்டால் அந்தத் தடுப்பு திரும்ப வராது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அவன் இன்னொருத்தியோடு குடித்தனம் தொடங்கிய பிறகு, அப்பீலில் ஜெயித்தாலும் அவள் எந்த வீட்டுக்குள் போய் நிற்பாள்? வந்தவளும் ஒரு பெண்ணல்லவா? அவள் செய்த குற்றந்தான் என்ன?

“எல்லாம் தலைவிதி” என்று இதற்குப் பெயர் வைக்கிறார்கள். காலண்டரில் எண்ணக்கூடியதற்கு விதியெதற்கு?

நிற்க, கெடு போய்விட்டதென்று சோறு தண்ணியை விட்டவர்களும் உண்டு. அவர்கள் கவனிக்கவேண்டியது: சம்மன் சரியாகச் சார்வாகாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பானால், அது தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்துச்செய்யக் கேட்கலாம். அப்பீல் போனாலும் ஜீவனாம்சம் போகாது. விவாகச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி டிக்ரிக்குப் பின் எப்போதும் கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்பதும் தடையல்ல. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி உண்டு. ஜில்லாக் கோர்ட்டுகளில் அதற்கென்றே ஆபீஸ் இருக்கிறது. அங்கே போகும்போது தீர்ப்பு நகலை அப்பெண் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு போகட்டும். கூட வருவதானால் அண்ணன் பின்னால் வரட்டும்.