கவுன்சிலிங் ஒரு மணி நேரம், மீதி நேரம் நம் வீடு

(சங்கரன்கோவிலில் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



தறி வேலை, பூ வியாபாரம், வயல் வேலை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"உங்க பிள்ளையை ஒரு கவுன்சிலர்கிட்ட காட்டுங்க" என்று டீச்சர் சொன்னால், வீட்டில் முதலில் என்ன நடக்கிறது? "செல்போனைப் பிடுங்கினா எல்லாம் சரியாயிடும்" என்கிறார் அப்பா. "ஏதோ காத்து கருப்பு பட்டிருக்கு" என்கிறார் ஆச்சி. "நான் எங்கே தப்பு பண்ணினேன்" என்று அழுகிறார் அம்மா. மூன்று பேருமே பாசத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால், "உனக்கு என்னம்மா செய்யுது?" என்று பிள்ளையிடம் யாருமே கேட்கவில்லை.

காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டாலே தெரிந்துவிடும். மனசு சரியில்லை என்றால் அது நடத்தையில்தான் தெரியும். சரியாகத் தூங்குவதில்லை, அல்லது எப்போதும் படுத்தே கிடக்கிறது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறது. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தினமும் வயிற்று வலி, தலைவலி. விளையாடப் போவதை நிறுத்திவிட்டது. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறது. நன்றாகப் படித்த பிள்ளைக்குத் திடீரென்று மார்க் இறங்குகிறது. இவை ஒரு நாள், இரண்டு நாள் இருந்தால் பரவாயில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம்.

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று குறுகிப் போகாதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருப்பது தெரியவந்தது. 40 பேர் படிக்கிற ஒரு வகுப்பில் கிட்டத்தட்ட 3 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. வளர்ப்பு சரியில்லாதவர்களும் இல்லை.

நம்ம ஊரில் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் இருக்கும் ஸ்ரீசக்கரக் குழியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டால் மனக்கஷ்டம் தீரும் என்பது தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம்பிக்கை. அதை யாரும் விடச் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெம்பு தரும். கோயிலுக்குப் போங்கள். ஆஸ்பத்திரிக்கும் போங்கள். ஒன்றுக்காக இன்னொன்றைத் தள்ளிப் போடாதீர்கள்.

தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. மனநோய் குணமாகும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டிருந்தவர்கள் அங்கே சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். இன்று மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இருக்கிறது. மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

சரி, எங்கே போவது?

முதல் வாசல் உங்கள் கையில் இருக்கும் போன். 14416 என்ற எண்ணை அழுத்துங்கள். 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் 2022 முதல் நம் மாநிலத்தில் இது நடக்கிறது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளை பேச மறுத்தால் முதலில் நீங்கள் பேசுங்கள். "எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை" என்று சொன்னாலே போதும், மீதியை அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். டெலி மானஸ் செயலியும் இருக்கிறது.

நேரில் காட்ட வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்த நாளில், எங்கே பார்க்கிறது என்று ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் கேளுங்கள். மேல்சிகிச்சைக்குத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பிள்ளையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று சந்தேகம் இருந்தால் 1098 என்ற சிறுவர் உதவி எண்ணை அழையுங்கள்.

இதில் உங்களுக்குச் சில பயங்கள் இருக்கும். "நாலு பேருக்குத் தெரிஞ்சா?" சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது அதே 2017 சட்டம். உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழ்நிலைகளில் மட்டும்தான் விலக்கு. பாலியல் கொடுமை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி அதைப் புகாராகத் தெரிவித்தே ஆக வேண்டும். அதுவும் பிள்ளையின் பாதுகாப்புக்காகத்தான். "ஷாக் கொடுத்துடுவாங்களோ?" பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதமும், சட்டப்படி அமைந்த வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தச் சிகிச்சை தரக்கூடாது. "மாத்திரை போட்டா வாழ்நாள் பூரா போடணுமோ?" எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை தேவைப்படாது. பலருக்குப் பேச்சுவழி ஆலோசனையே போதும். மாத்திரை கொடுத்திருந்தால் மட்டும், டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கவுன்சிலிங் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. மீதி 167 மணி நேரமும் பிள்ளை நம்மோடு, பள்ளியோடு, தெருவோடுதான் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் கட்டியது நிற்பதும் இடிவதும் பெரும்பாலும் நம் வீட்டில்தான்.

வெளியே வந்ததும் "உள்ளே என்ன பேசினே? என்னைப் பத்தி என்ன சொன்னே?" என்று துருவாதீர்கள். அடுத்த முறை பிள்ளை அங்கேயும் வாயைத் திறக்காது. "டீ குடிக்கலாமா?" என்று கேளுங்கள். சொல்லத் தோன்றினால் அதுவாகச் சொல்லும்.

பிள்ளை பேசும்போது உடனே புத்திமதி வேண்டாம். "நாங்கெல்லாம் உன் வயசுல..." என்ற பேச்சே வேண்டாம். முழுசாகக் கேட்டுவிட்டு, "இது உனக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சித்தி மகனோடும் பக்கத்து வீட்டுப் பெண்ணோடும் ஒப்பிடாதீர்கள். சொந்தக்காரர்கள் முன்னால் பிள்ளையின் பிரச்சினையைச் செய்தியாக்காதீர்கள். தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம், எல்லோரும் போனை ஓரமாக வைக்கும் நேரம் என்று மூன்றை மட்டும் ஒழுங்கு செய்யுங்கள். அதில் பெரியவர்களுக்கும் விலக்கு இல்லை!

இரண்டு முறை போய்விட்டு "ஒண்ணும் மாறலையே" என்று விட்டுவிடாதீர்கள். தறியில் இழை அறுந்தால் நாம் தறியை அடிப்பதில்லை. நிறுத்தி, நுனியைத் தேடி, பொறுமையாக முடிச்சுப் போடுகிறோம். பிள்ளைக்கும் அந்தப் பொறுமைதான் தேவை. கவுன்சிலர் ஒத்துவரவில்லை என்றால் வேறு ஒருவரைக் கேளுங்கள். முயற்சியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று பிள்ளை சொன்னால் அதை நடிப்பு என்று எண்ணாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மனசில் இருப்பதை இறக்கி வைக்க வழிதான் கிடைக்கும். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்து, மாத்திரைகளை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்கள், அல்லது பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உடனே 14416ஐ அழையுங்கள். அவசரம் என்றால் 108.

இப்போதே போனை எடுத்து 14416 என்ற எண்ணைச் சேமியுங்கள். பிள்ளையின் போனிலும் சேமித்துக் கொடுங்கள். கொடுக்கும்போதே, பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டுவிடுங்கள். பதில் இன்றைக்கே வராமல் போகலாம். நாளைக்கும் கேளுங்கள்.